12 நிமிடம் சும்மா இருப்பது எப்படி?

நோர்வேயில் தமிழ் வீடுகளின் சாப்பாட்டைத் தீர்மானிக்கும் அதிகாரம் வாசலில் தொங்கும் குளிர் ஜக்கெட்டுகளிடம் இருக்கிறது. தை மாத ஒஸ்லோவில் மீன் பொரிக்கிறவர் யன்னலைத் திறந்தால் ஆள் விறைத்துப்போவார். பூட்டி வைத்தால் மணம் நேரே போய் ஜக்கெட்டின் பஞ்சுக்குள் குடியேறும். மறுநாள் காலை சுரங்க ரயிலில் அவருக்குப் பக்கத்து இருக்கை கடைசித் தரிப்பிடம் வரை காலியாகக் கிடக்கும். நோர்வேக்காரர்கள் சாதாரண நாளிலேயே முன்பின் தெரியாதவர் பக்கத்தில் போய் உட்காரப் பிரியப்படாதவர்கள். ஆகவே அந்தக் காலி இருக்கையில் மீனின் பங்கு எவ்வளவு, நாட்டுப் பழக்கத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம்.

ஒஸ்லோவின் கிழக்கே, குரூருத் பள்ளத்தாக்கின் அடுக்குமாடி ஒன்றில் வசிக்கும் யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்றில் இந்த ஜக்கெட் வழக்கு பல வருடங்களாக இழுபட்டுக்கொண்டிருந்தது. வழக்காளி மகள். எதிராளி அம்மாவின் தாச்சி. தீர்ப்புச் சொல்ல வேண்டிய அப்பா, பொரித்த மீனைச் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகுதான் மகள் பக்கமும் நியாயம் இருப்பதைக் கண்டுபிடிப்பார். கடைசியில் சமரசத் திட்டமாக வந்து சேர்ந்தது ஓவனில் வேகவைக்கும் சால்மன். எலுமிச்சை, உள்ளி, பட்டர், உப்பு, வேறொன்றும் இல்லை. எண்ணெய் தெறிக்காது, புகை வராது.

"12 நிமிசம்தான் அப்பா. நீங்கள் ஒண்டும் செய்யத் தேவையில்லை," என்றாள் மகள்.

வில்லங்கம் அந்த இரண்டாவது வசனத்தில் இருந்தது.

அப்பா மீனுக்குப் புதியவர் அல்லர். நோர்வேத் தமிழர் வரலாறே மீனில்தான் தொடங்குகிறது. 1956இல் வந்த குருநகர்க்காரர் அன்ரனி ராஜேந்திரத்தை இந்நாட்டின் முதல் தமிழர் என்பார்கள். மீன்பிடித் தொழிலைக் கற்க வந்தவர், பிறகு நோர்வே மக்களின் உதவியைத் திரட்டி யாழ்ப்பாணத்தில் சீநோர் நிறுவனத்தை உருவாக்கி, அங்கே படகும் வலையும் செய்ய வைத்தார். 1980களில் வந்த இளைஞர்களில் பலர் நாட்டின் வட அந்தமான ஃபின்மார்க்கில், குளிர்காலத்தில் ஏறக்குறைய இரண்டு மாதம் சூரியன் தலைகாட்டாத ஊர்களில், மீன் தொழிற்சாலை வேலைக்குச் சேர்ந்தார்கள். நமது அப்பாவும் அங்கே ரப்பர் சப்பாத்தோடு நின்று கொட் மீனுக்கு முள்ளெடுத்தவர். மீனை வெட்டச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு வெட்டுவார். சமைக்கச் சொன்னால் கண்ணை மட்டும் மூடிக்கொள்வார்.

சால்மன் நோர்வேயில் ஒரு காலத்தில் சாதாரண ஆள் ஆசைப்படக்கூடிய மீனாக இருக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துப் பிரபுக்கள் கோடைதோறும் கப்பலேறி வந்து, ஆறுகளைக் குத்தகைக்கு எடுத்துத் தூண்டில் போட்டுப் பிடித்த மீன் அது. ஃபின்மார்க்கின் அல்தா ஆறு அவர்களிடையே பேர்போனது. 1970இல் ஹித்ரா தீவில் குரன்ட்வெட் சகோதரர்கள் கடலுக்குள் வலைக்கூடு கட்டிச் சால்மன் குஞ்சுகளை விட்டு வளர்த்துக் காட்டினார்கள். அதோடு கதை மாறியது. இன்று நோர்வே வருடத்துக்கு 10 லட்சம் தொன்னுக்கும் மேலாகச் சால்மன் வளர்க்கிறது. பிரபுக்களின் மீன், முள்ளெடுத்து, பிளாஸ்டிக் உறையில் மூச்சு முட்ட, சலுகை விலைச் சீட்டு ஒட்டிக்கொண்டு கடைத் தட்டில் படுத்திருக்கிறது.

உறையைப் பிரித்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி: "இது என்ன, மீனோ கேசரியோ?"

அம்மாவின் சந்தேகத்தில் நியாயம் இருந்தது. இயற்கையாக வளரும் சால்மன் கூனி, இறால் வகைகளைத் தின்பதால் அவற்றிலுள்ள அஸ்டாசாந்தின் என்ற நிறமி சதையில் ஏறுகிறது. பண்ணை மீனுக்கு அதே நிறமியைத் தீவனத்தில் கலந்து கொடுக்கிறார்கள். கொடுக்காவிட்டால் சதை வெளிறிப்போய்ச் சாம்பல் பாய்ந்திருக்கும், வாங்க ஆள் வராது. எவ்வளவு சிவப்பு வேண்டும் என்று பார்க்க விசிறியாக விரியும் நிற அட்டை ஒன்றும் உண்டு. சால்மோஃபேன் என்று பெயர், 20 முதல் 34 வரை எண் போட்டிருக்கும். மஞ்சளும் மிளகாய்த்தூளும் விழுந்த பிறகு 20க்கும் 34க்கும் என்ன வித்தியாசம் என்று அம்மா கேட்டார். அதற்கு மீன் விஞ்ஞானிகளிடம் பதில் இருப்பதாகத் தெரியவில்லை.

எலுமிச்சை விஷயத்தில் மட்டும் அம்மாவுக்கு ஆட்சேபம் இல்லை. மீனுக்குப் புளிப்பு வேண்டும் என்பது அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டிய சங்கதி அல்ல. கடல்மீன் செத்த பிறகு பக்டீரியாக்கள் அதன் உடலில் ட்ரைமெத்திலமைன் என்ற பொருளை உண்டாக்குகின்றன. மூக்கைப் பிடிக்க வைக்கும் அந்த வெடுக்கு மணம் அதனுடையது. அமிலம் பட்டால் அது உப்பாகி, ஆவியாகப் பறக்க முடியாமல் அடங்கிவிடுகிறது. யாழ்ப்பாணத்தில் பழப்புளியும் கேரளத்தில் குடம்புளியும் செய்துவரும் வேலைதான் இது.

இந்த நேரத்தில் அப்பாவுக்குக் கை பரபரத்தது. மீனில் இப்போதே சாற்றைப் பிழிந்து ஊறவைத்தால் நன்றாக ஏறுமே என்று எலுமிச்சையைப் பிழிந்தும் விட்டார். மகள் குறுக்கே விழுந்து தடுத்தாள். புளியில் ஊறினால் மேற்சதை வெளுத்து இறுகும். பெரு நாட்டில் நெருப்பே மூட்டாமல் செவிச்சே செய்வது இந்த வித்தையால்தான். ஓவனுக்குள் போகிற மீனுக்கு அது ஒரே நாளில் இரண்டு சமையல். மணத்துக்கு மேலே இரண்டு வட்டத் துண்டு வைத்தால் போதும், சாறு இறக்கிய பிறகு. சொதிக்குத் தேசிக்காய்ப்புளி எப்போது விடுகிறோம் என்று அம்மா கேட்டதும்தான் அப்பா அடங்கினார். அடங்கினார் என்றாலும் பிழிந்த சாறு கையில் இருந்தது. வீணாக்க மனமில்லாமல், இடித்து வைத்திருந்த உள்ளியில் அதை ஊற்றி மூடிவிட்டுச் செய்தி பார்க்கப் போனார்.

குளிர்சாதனப் பெட்டியில் நாள்பட இருந்த உள்ளி அது. திரும்பி வந்து மூடியைத் திறந்தால் உள்ளே நீலப்பச்சை.

"இதைத் திண்டால் நாங்களும் நீலமாகிறதே?" என்றார் அம்மா.

ஆகமாட்டார்கள். உள்ளியை நசுக்கும்போது உண்டாகும் கந்தகச் சேர்மங்கள் அதிலுள்ள அமினோ அமிலங்களோடு சேர்ந்து இப்படி நிறம் கொடுப்பதுண்டு; புளிப்பு அதற்குத் தோது, நாள்பட்ட குளிர் இன்னும் தோது. உடம்புக்கு ஒரு கெடுதலும் இல்லை. வட சீனாவில் லாபா உள்ளி என்று, வினாகிரியில் போட்டு வேண்டுமென்றே பச்சையாக்கிச் சாப்பிடுகிறார்கள். மகள் இதையெல்லாம் விளக்கி முடிப்பதற்குள், சீனாக்காரர் சாப்பிடட்டும் என்று அம்மா அதைக் குப்பையில் கொட்டிவிட்டார்.

புது உள்ளி உரிபட்டது. இதில் கவனிக்க வேண்டிய காரியம் ஒன்று: பொடியாக வெட்டிய பச்சை உள்ளியை மீனின் தலையில் தூவி 200 பாகைச் சூட்டில் வைத்தால் மீன் வேக முன்னரே அது கருகிக் கசக்கும். பட்டரை மெல்லிய சூட்டில் உருக்கி, உள்ளியை அதில் நிறம் மாறாமல் வாட்டி, அந்தக் கலவையைப் பூசுவதே புத்தி. ஆளுக்கொரு மேசைக்கரண்டி பட்டர் தாராளம். சால்மனிலேயே கொழுப்பு வேண்டிய மட்டும் இருக்கிறது.

அப்பா பட்டரை அளந்து போடுகிற ஆள் அல்லர். 2011ஐக் கண்டவர். அந்த வருடம் மழை கூடிப் புல் கெட்டுப் பால் குறைந்தது; அதே நேரம் மாவைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டிச் சாப்பிடும் மோகம் நாட்டைப் பிடித்து ஆட்டியது. விளைவாக நத்தார் நெருங்கும்போது உலகின் பணக்கார நாடுகளில் ஒன்றில் பட்டர் இல்லை. இணையத்தில் கொள்ளை விலைக்கு விற்றார்கள். காரில் 90 கிலோ பட்டரோடு ஸ்வீடன் எல்லையைக் கடக்க முயன்ற ரஷ்யர் ஒருவரைச் சுங்கத்தார் மறித்தார்கள். போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது சவர்க்காரத்துக்கும் மண்ணெண்ணெய்க்கும் அல்லாடிய யாழ்ப்பாணத்து உறவினர்கள், தொலைபேசியில் இதைக் கேட்டு அனுதாபம் தெரிவித்ததாக அப்பா இன்றும் சொல்வார். அவர்கள் சிரித்ததை மட்டும் சொல்ல மாட்டார்.

மீன் ஓவனுக்குள் போனது. 12 நிமிடம் தொடங்கியது.

மீன் குழம்பென்றால் சட்டியைப் பிடித்து ஒரு சுழற்றுச் சுழற்றலாம். உப்புப் பார்க்கலாம். தூளின் பச்சை மணம் போய்விட்டதா என்று மூடியைத் திறந்து முகரலாம். ஓவன் மனிதரிடம் எதையும் கேட்பதில்லை. அப்பா கண்ணாடிக் கதவின் முன் குந்தியிருந்தார். மூன்றாம் நிமிடம் கதவைத் திறந்து பார்த்தார். சூடு முழுக்க முகத்தில் அடித்துவிட்டு வெளியேறியது. ஐந்தாம் நிமிடம் மறுபடியும் கை நீண்டது.

"அப்பா, கதவைத் திறக்காதேங்கோ!"

அம்மாவோ சும்மா நிற்பதை ஒரு நோயாகவே கருதுகிறவர். தூள் போடாத மீனை வெறும் சோற்றோடு எப்படிச் சாப்பிடுவது என்ற கவலையில், கிடைத்த இடைவெளிக்குள் நாலு மோர்மிளகாய் பொரித்துவிடலாம் என்று தாச்சியை ஏற்றினார். மோர்மிளகாய் பொரிகிற வீட்டில் என்ன நடக்கும் என்று வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நோர்வேயில் ஒவ்வொரு வீட்டிலும் புகை எச்சரிக்கைக் கருவி இருக்க வேண்டும் என்பது சட்டம். இந்த வீட்டார் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்கள். கருவி அலறியது. அப்பா கதிரையில் ஏறித் துவாயால் விசிறினார், மகள் இருமிக்கொண்டே பல்கனிக் கதவைத் திறந்தாள், பக்கத்து வீட்டு நோர்வேப் பாட்டி வந்து ஏதும் பற்றியெரிகிறதா என்று பண்பாக விசாரித்துவிட்டுப் போனார். எல்லாம் அடங்கிய பிறகுதான் ஓவனின் ஞாபகம் வந்தது. 12 நிமிடம் 20 ஆகியிருந்தது.

மீன் துண்டுகளின் மேலெல்லாம் வெள்ளையாக ஏதோ கட்டிபட்டு நின்றது. "மீன் பழுதோ?" என்று அப்பா கேட்டார். பழுதில்லை; அல்புமின் என்ற புரதம். சூடு கூடினால் தசைநார்கள் சுருங்கி, திரவமாக இருக்கும் அந்தப் புரதத்தை வெளியே பிழிந்துவிடும். வந்தது அங்கேயே உறையும். சமைக்குமுன் மீனை உப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் போட்டெடுத்தால் இது குறையும். என்றாலும் இவ்வளவு வெளியே வந்தால், கூடுதலாகச் சுட்டதற்கு மீன் எழுதிக்கொடுத்த முறைப்பாடு என்றே கொள்ள வேண்டும்.

மகள் வெப்பமானியைக் குத்திப் பார்த்தாள். 74. மீனின் இணைப்புத் திசு மிக மெல்லியது. 50 பாகை தாண்டியதுமே சதை இதழ் இதழாகக் கழன்று வரத் தொடங்கிவிடும். நல்ல உணவகங்கள் அந்த இடத்திலேயே இறக்கிவிடுகின்றன, வெளியே எடுத்த பிறகும் இரண்டு மூன்று பாகை தானாக ஏறும் என்பதால். அமெரிக்க உணவுத்துறை எச்சரிக்கையாக 63 என்கிறது. 74 அதையும் தாண்டியது. மகளின் முகம் வாடிவிட்டது.

அம்மா ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டார். இரண்டாவது துண்டையும் போட்டார். "இப்பதான் ஒழுங்கா அவிஞ்சிருக்கு," என்றார். "12 நிமிசத்தில எடுத்திருந்தால் பச்சையாத்தான் திண்டிருப்பம்."

நோர்வேக்காரர்கள் இதை அவித்த உருளைக்கிழங்கு, வெள்ளரிக்காய்ச் சாலட், புளித்த கிரீம் சகிதம் சாப்பிடுவார்கள். இந்த வீட்டில் சோறு. தட்டின் அடியில் தேங்கிக் கிடந்த பட்டரும் உள்ளியும் மீனின் கொழுப்புமான சாற்றைச் சோற்றில் விட்டுப் பிசைந்த அப்பா, அதன்பிறகு கொஞ்ச நேரம் யாரோடும் பேசவில்லை. உண்மையைச் சொன்னால், இந்தச் சமையலில் மிகச் சிறந்த பகுதி அந்தச் சாறுதான். வறண்ட மீனையும் அது மன்னித்துவிடும்.

இரண்டு துண்டு மிஞ்சியது. மறுநாள் அம்மா அதை உதிர்த்து, அவித்த கிழங்கு, வெண்காயம், பச்சை மிளகாய், மிளகு சேர்த்துப் பிசைந்து, ரொட்டியில் சுற்றி, பாண் தூளில் புரட்டி ரோல்ஸ் ஆக்கினார். உள்ளியும் எலுமிச்சையும் ஏற்கெனவே ஏறியிருந்ததால் கறி தனி ருசியாக அமைந்தது. சனிக்கிழமை ஒரு பிறந்தநாள் வீட்டுக்குக் கொண்டுபோன தட்டு, கேக் வெட்ட முன்னரே காலியானது.

"இஞ்ச பாருங்கோ அக்கா, இது எந்த டின் மீன்?" என்று ஒருவர் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்.

மகள் வாயைத் திறப்பதற்குள் அம்மா ஒரு கடையின் பெயரைச் சொல்லி, அங்கே இப்ப மலிவு என்றும் சேர்த்துக்கொண்டார்.