உயர்திரு சம்பந்தப்பட்ட துறை அவர்களுக்கு

அனுப்புநர்: ஃபர்ஸ்ட் ஷிப்ட் பயணி ஒருவன், பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்.

பெறுநர்: உயர்திரு சம்பந்தப்பட்ட துறை அவர்கள், தமிழ்நாடு.

பொருள்: காலையில் வேலைக்குப் போய் மாலையில் முழுசாக வீடு திரும்ப அனுமதி கோருதல் – சார்பு.

பார்வை: இதே பொருள் குறித்து முன்பு கொடுத்த மனுக்கள் (யார் பார்வைக்கும் போகாதவை).

ஐயா, அம்மா,

தங்களோடு எனக்கு நேர்ப் பழக்கம் இல்லை. ஆனால் எந்த அலுவலகப் படியேறினாலும் தங்கள் பெயரைத்தான் சொல்கிறார்கள். தெருமுனையில் சாக்கடை மூடி உடைந்து கிடக்கிறது என்று எழுதிக் கொடுத்தேன். "சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பியாச்சு" என்றார்கள். அதன் மேலே எரிய வேண்டிய விளக்கு எரியவில்லை என்றேன். அதுவும் தங்களிடம்தான் வந்திருக்கிறதாம். குழாய் பதிக்கத் தோண்டியவர்கள் மண்ணை மட்டும் தள்ளிவிட்டுப் போய்விட்டார்களே என்றேன். தோண்டியது ஒரு துறை, மூட வேண்டியது இன்னொரு துறை, மூடியாயிற்று என்று கையெழுத்துப் போட்டது மூன்றாவது துறை, ஆனால் நீங்கள் பார்க்க வேண்டியது சம்பந்தப்பட்ட துறையை என்று ஒருவர் பொறுமையாக விளக்கினார். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 6(3) பிரிவு, இடம் மாறி வந்த மனுவை ஐந்து நாளுக்குள் உரிய இடத்துக்கு அனுப்பிவிடச் சொல்கிறது. நாட்டில் சிரத்தையாக நடப்பது அந்த ஒரு பிரிவுதான் என்று நினைக்கிறேன். என் மனு எத்தனையோ படி ஏறி இறங்கிவிட்டது. ஓரிடத்திலும் தடுக்கி விழவில்லை, அடிபடவில்லை. எனக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

ஆகவே, இத்தனை வேலையையும் தனி ஆளாகச் சுமக்கும் தங்களுக்கே நேரடியாக எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். பள்ளத்தைக் கண்டு மிரளுகிற ஊர் இல்லை எங்களுடையது. எங்கள் வீட்டுக் கூடத்திலேயே பள்ளம் உண்டு. தாத்தா குழித்தறியில் கால்விட்டு மிதித்துத்தான் குடும்பத்தைக் கரையேற்றினார்; அப்பாவும் அப்படித்தான். அந்தக் குழிக்கு அளவு உண்டு, கரை உண்டு, ராத்திரியில் குழந்தை விழுந்துவிடக் கூடாதே என்று மேலே போட ஒரு பலகையும் உண்டு. யாருடைய குழி என்று கேட்டால் சொல்ல ஒரு பெயர் உண்டு. தெருப் பள்ளத்துக்கு இதில் எதுவுமே கிடையாது. டீக்கடைக்காரர் பாவப்பட்டு ஒரு வேப்பங்கொத்தை அதில் நட்டு வைத்தார். பக்கத்து வீட்டு அக்கா தறியில் மிஞ்சிய அரக்குச் சிவப்புத் துண்டு ஒன்றை எடுத்து வந்து கொத்தில் கட்டிவிட்டார். அசல் பட்டு, சங்க முத்திரை ஒன்றுதான் பாக்கி. பட்டு உடுத்திய பள்ளம் உலகத்தில் வேறெங்கும் இருக்காது. சுற்றுலாத் துறைக்குச் சொல்லலாமா என்று யோசித்தேன், அவர்களும் இதைத் தங்களுக்கே அனுப்பிவிடுவார்கள் என்று விட்டுவிட்டேன்.

பள்ளம் ஒரு பக்கம் என்றால் மேடு இன்னொரு பக்கம். பழைய தாரைச் சுரண்டாமல் அதன் தலையிலேயே புதுத் தார் ஊற்றி ஊற்றி, ஏறிப் போக வேண்டிய வாசல்களில் இப்போது இறங்கிப் போகிறோம். ஐப்பசி மழையில் தெருத் தண்ணீர் நேராகத் தறிக்குழிக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அப்புறம் தறி ஏது, கூலி ஏது? சுரண்டி எடுத்துவிட்டுத்தான் மேலே போட வேண்டும் என்று 2021 மே மாதமே தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு உத்தரவு போட்டார். அடுத்த ஆண்டு ஏப்ரல் 27ஆம் தேதி விடியற்காலையில் தஞ்சாவூர் பக்கம் களிமேட்டில் அப்பர் விழாத் தேர் உயரழுத்த மின்கம்பியில் உரசி 11 பேர் இறந்தார்கள். புதுச் சாலை போட்டதில் தெரு மட்டம் உயர்ந்திருந்ததை அன்றைக்கு ஊர்க்காரர்கள் சுட்டிக்காட்டினார்கள். கம்பி இருந்த இடத்திலேயே இருந்தது. தெருதான் அதை நோக்கி ஏறிப் போயிருந்தது.

போகட்டும். காஞ்சிபுரத்துக்கு 48 என்ற எண் ராசியானது. அதைச் சொல்லத்தான் முக்கியமாக எழுதுகிறேன்.

முதல் 48, அத்திவரதருடையது. 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள். 1979க்குப் பிறகு முதன்முறையாக வரதராஜப் பெருமாள் கோயிலின் அனந்தசரஸ் குளத்திலிருந்து வெளியே வந்தார். ஜூலை முழுதும் சயனத்தில், பிறகு நின்ற கோலத்தில். வந்தவர்கள் ஒரு கோடி என்று கணக்குச் சொன்னார்கள். அந்த நாட்களில் எங்கள் ஊரைத் தாங்கள் பார்த்திருக்க வேண்டும். பார்த்திருப்பீர்கள், தாங்கள்தானே செய்தது! ஒலிமுகமதுபேட்டையில், ஓரிக்கையில் தற்காலிக பஸ் நிலையங்கள் முளைத்தன. அங்கிருந்து ஊருக்குள் சிற்றுந்துகள். ராத்திரி பகலாக எரிந்த விளக்குகள், குடிதண்ணீர், கழிப்பறை, கூப்பிடு தூரத்தில் ஆம்புலன்ஸ், மூலைக்கு மூலை போலீஸ், தலைக்கு மேலே கேமரா. எங்கள் தாத்தா காலத்திலிருந்து பள்ளமாகவே பார்த்துப் பழகிய இடமெல்லாம் ஒரே வாரத்தில் சாலையாகிவிட்டது. இது யார் வேலை, எந்தத் துறையின் நிதி, எந்தத் தலைப்பில் செலவு என்று ஒருவரும் கேட்கவில்லை. அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. தங்களுக்கு எல்லாம் தெரியும். பணமும் உண்டு, ஆளும் உண்டு, எங்கள் தெரு எங்கே இருக்கிறது என்பதுகூடத் தெரியும்.

அத்தனையும் செய்தும் ஜூலை 18ஆம் தேதி கூட்டத்தில் சிக்கி நாலு பேர் இறந்தார்கள். தரிசனத்துக்கு வந்த சாதாரண ஜனங்கள். முக்கியப் பிரமுகர்களுக்கு வேறு வரிசை, வேறு சீட்டு. அந்தச் சீட்டு விஷயத்தில் ஆட்சியர் ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டரைத் திட்டியதை வீடியோவில் ஊரே பார்த்தது. பகடிக்கு அது போதும். அந்த நாலு பேர் விஷயத்தில் எனக்குப் பகடி வரவில்லை.

ஆகஸ்ட் 17ஆம் தேதி அத்திவரதர் குளத்துக்குத் திரும்பினார். அவரோடு விளக்குகளும் உள்ளே இறங்கிவிட்டன போலிருக்கிறது. அடுத்த தரிசனம் 2059இல்.

இரண்டாவது 48, தேசிய நெடுஞ்சாலை. டெல்லியில் புறப்பட்டு ஜெய்ப்பூர், அகமதாபாத், மும்பை, பெங்களூரு எல்லாம் பார்த்துவிட்டு எங்கள் ஊர் ஓரமாகச் சென்னைக்குப் போகிறது. நாங்கள் வெள்ளைகேட்டில் ஏறி சுங்குவார்சத்திரம், ஸ்ரீபெரும்புதூர் வரை போகிறவர்கள். தறி விட்ட வீடுகளில் பாதிப் பிள்ளைகள் இப்போது கம்பெனி பஸ்ஸில்தான். விடியற்காலை நாலே முக்காலுக்கு என் அக்கா மகள் பஸ் வரும் மூலையில் நிற்பாள். விளக்கு எரியாது, கையிலிருக்கும் போனில் டார்ச் அடித்துக்கொண்டு நிற்பாள். அவள் வேலை செய்வது போன் செய்கிற கம்பெனியில். இருட்டில் நிற்கத் தேவையான வெளிச்சத்தையும் அவளே செய்து எடுத்து வர வேண்டியிருக்கிறது பாருங்கள்.

அந்தச் சாலையை ஆறு வழியாக்கும் வேலை வருஷக்கணக்கில் நடந்தது. பாலம் கட்டுகிற இடத்தில் பஸ் திடீரென்று இடது பக்கம் சாய்ந்து இறங்கினால்தான் அங்கே மாற்றுப் பாதை என்று தெரியும். அம்புக்குறி போட்ட பலகை முந்தின வாரம் லாரி தட்டிக் குப்புற விழுந்திருக்கும், அம்பு பூமியைக் காட்டும். அதுவும் ஒரு வகையில் சரியான வழிகாட்டுதல்தான். 2020 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கெடுத்து, மதுரவாயல் முதல் வாலாஜாபேட்டை வரை சாலை கிடக்கிற கிடப்புக்குச் சுங்கச்சாவடிகளில் பாதிக் கட்டணம்தான் வாங்க வேண்டும் என்று உத்தரவிட்டது. அரைச் சாலைக்கு அரைக் கட்டணம், எனக்கு மிகவும் பிடித்த கணக்கு. இதை ஊருக்குள்ளும் கொண்டுவர வேண்டுகிறேன். 1866இல் நகராட்சியானோம், 2021இல் மாநகராட்சியானோம், மறு வருஷமே சொத்து வரி ஏறியது. எத்தனை விளக்கு எரிகிறதோ அந்த விகிதத்தில் வரி கட்டுகிறேன். எங்கள் தெருவுக்கு அநேகமாகத் தாங்கள்தான் எனக்குச் சில்லறை தர வேண்டியிருக்கும்.

மூன்றாவது 48க்கு வருகிறேன். 2021 டிசம்பர் 18ஆம் தேதி மேல்மருவத்தூரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம். சாலையில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். யார், எந்த ஊர், கையில் காசு உண்டா என்று கேட்காமல் சேர்த்துக்கொள்கிறார்கள். இதைக் கேலி செய்ய எனக்கு மனசில்லை. எங்கள் ஷிப்டில் இதனால் பிழைத்து வந்தவர் இருக்கிறார். என் கேள்வி சிறியது. அடிபட்ட பிறகு வரும் 48 மணி நேரத்துக்கு ஒரு திட்டம், ஒரு பெயர், ஒரு தொடக்க விழா எல்லாம் இருக்கிறது. அடிபடுவதற்கு முந்தைய 48 மணி நேரத்துக்கு யார் பொறுப்பு? அந்த நேரத்தில் எனக்குத் தேவைப்படுவது மருத்துவர் இல்லை. ஒரு சாக்கடை மூடி, ஒரு பல்பு, நிமிர்ந்து நிற்கும் ஒரு அம்புக்குறி. மூன்றையும் சேர்த்தாலும் ஒரு நாள் ஐ.சி.யூ. செலவு ஆகாது.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கில் 2022இல் தமிழ்நாட்டில் நடந்த விபத்துகள் 64,105. நாட்டிலேயே முதலிடம். இறந்தவர்கள் 17,884 பேர். வகுத்துப் பார்த்தால் நாளொன்றுக்கு 49. ராசி எண்ணைத் தாண்டிவிட்டோம்.

சட்டம் இல்லாமல் இல்லை. அத்திவரதர் குளத்துக்குத் திரும்பிய பதினைந்தாவது நாள், 2019 செப்டம்பர் 1 அன்று, மோட்டார் வாகனச் சட்டத்தில் 198ஏ என்று ஒரு பிரிவு நடைமுறைக்கு வந்தது. சாலையை வடிவமைப்பவர், போடுபவர், பராமரிப்பவர் பாதுகாப்புத் தரத்தைக் கவனிக்காமல் விட்டு, அதனால் ஒருவர் செத்தாலோ ஊனமானாலோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். ஹெல்மெட் போடாமல் போனால் எனக்கு 1,000 ரூபாய். போட்டுக்கொண்டுதான் போகிறேன், கட்டாயம் போட வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமும் இல்லை. என் தலைக்கு நான் பொறுப்பு என்று தாங்கள் எடுத்துச் சொன்ன வேகம் பாராட்டத்தக்கது. 198ஏயில் ரசீது வாங்கியவர் ஒருவரை மட்டும் ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட ஆசை. எங்கள் ஊர் மூங்கில் மண்டபத்தில் நிறுத்தி வைத்தால் மாலை போட்டுவிட்டுப் போகிறேன்.

குறை மட்டும் சொல்வது நியாயமில்லை. தாங்கள் நன்றாக வேலை செய்யும் நாட்களையும் நான் குறித்து வைத்திருக்கிறேன். வைகாசியில் வரதராஜப் பெருமாள் கருட சேவைக்குப் புறப்பட்டால், அவர் போகும் வீதியில் பள்ளம் நிரம்பிவிடும், தொங்கும் கேபிள் மேலே ஏறிவிடும். அமைச்சர் வருகிறார் என்றால் மாடுகளுக்குக்கூட முந்தின நாளே தகவல் போய்விடுகிறது, ஒன்றையும் காணோம். 2019 அக்டோபரில் மாமல்லபுரம் எங்கள் மாவட்டத்தில்தான் இருந்தது. சீன அதிபர் வந்தபோது அந்த ஊர்ச் சாலை மின்னிய மின்னல் இன்னும் கண்ணில் இருக்கிறது. எங்கள் பக்கத்துச் சங்கடம் என்னவென்றால், பெருமாளும் வராத, அமைச்சரும் வராத தெருக்காரர்கள் நாங்கள். சீன அதிபரை அழைக்கும் வசதி பிள்ளையார்பாளையத்தில் இல்லை. 2024 ஜூலையில் எங்கள் மாநகராட்சி உறுப்பினர்கள் மேயர் மேல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்து, கூட்டமும் போட்டார்கள். உறுப்பினர் ஒருவரும் வரவில்லை. சொந்தத் தீர்மானத்துக்கே வராதவர்கள் என் சாக்கடை மூடியைப் பார்க்க வருவார்கள் என்று எதிர்பார்ப்பது பேராசை.

எனவே கோரிக்கை ஒன்றே ஒன்று. தெருவில் எங்கே தோண்டினாலும் இரண்டு முனையிலும் ஒரு பலகை. அதில் தோண்டியவர் பெயர், மூட வேண்டியவர் பெயர், மூடும் தேதி, ராத்திரியிலும் எடுக்கிற ஒரு போன் நம்பர். தலைவர்கள் படம் வேண்டாம். அதற்குத்தான் வேறு பலகைகள் நிறைய இருக்கின்றனவே. பெயர் எழுதப்பட்டுவிட்டால் தங்களுக்கு வேலை இல்லாமல் போய்விடுமோ என்ற பயம் எனக்கும் உண்டு. ஆனால் இத்தனை வருஷம் ஓய்வே இல்லாமல் எல்லாப் பழியையும் சுமந்த தங்களுக்கு ஓய்வூதியம் தர அரசு தயங்காது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஃபர்ஸ்ட் ஷிப்ட் பயணி.

பின்குறிப்பு: நேரில் ஆய்வுக்கு வருவதாக இருந்தால் விடியற்காலை நாலே முக்காலுக்கு வாருங்கள். முன்கூட்டிச் சொல்லிவிட்டு வர வேண்டாம். சொன்னால் நீங்கள் வருவதற்குள் பள்ளத்தை மூடிவிடுவார்கள். யோசித்துப் பார்த்தால், சொல்லிவிட்டே வாருங்கள். வாரம் ஒரு தெரு என்று வைத்துக்கொள்ளலாம்.