இரண்டு வாய்ச் சாவு

எங்கள் பெரியப்பா போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் காலமானார். அந்தச் செய்தியின் அடியில் 'ஆழ்ந்த இரங்கல்கள்' என்று முதலில் போட்டவர் அவரேதான். கூடவே இரண்டு கும்பிடும் கைகள்.

இதைச் சொல்ல நான் 1979-க்குப் போக வேண்டும்.

மன்னார்குடிப் பக்கம் எங்கள் தெருவில் தாத்தா வீட்டில் மட்டும்தான் ரேடியோ. பாட்டி தைத்த பூப்போட்ட உறைக்குள் ஒரு மர்ஃபி, புதுப்பெண் மாதிரி உட்கார்ந்திருக்கும். அதற்கு வருஷா வருஷம் போஸ்ட் ஆபீசில் பணம் கட்டி லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டும். செய்தி கேட்கவே லைசென்ஸ் வேண்டியிருந்த காலம் அது. இப்போது செய்தி சொல்லவே யாரும் லைசென்ஸ் கேட்பதில்லை.

காலை 7.15-க்குத் தில்லியிலிருந்து தமிழ்ச் செய்தி. சரோஜ் நாராயணசுவாமி தன் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் அம்மிச் சத்தம் நின்றுவிட வேண்டும். அந்தப் பத்து நிமிஷம் வீட்டில் யாரும் இருமக்கூடாது, காசு கேட்கக்கூடாது, அழக்கூடாது. செய்தி முடிந்ததும் தாத்தா குமிழைத் திருகி அணைப்பார். அடுத்த புலட்டின் வரைக்கும் உலகத்தில் எதுவும் நடக்க அனுமதி இல்லை.

1979 மார்ச் 22 அன்று, சர்வோதயத் தலைவர் ஜெயப்பிரகாஷ் நாராயண் (ஜே.பி.) இறந்துவிட்டார் என்று ரேடியோ சொன்னது. ரேடியோவைக் குறை சொல்ல முடியாது. பிரதமர் மொரார்ஜி தேசாயே நாடாளுமன்றத்தில் அப்படித்தான் அறிவித்திருந்தார். தாத்தா பழைய சர்வோதயக்காரர், கதர் தவிர வேறு துணி தொடாதவர். கிணற்றடியில் தலை முழுகிவிட்டு, சாப்பாடு வேண்டாமென்று திண்ணையில் படுத்துக்கொண்டார். ஜே.பி.யோ பம்பாயில் ஒரு மருத்துவமனையில் உயிரோடு இருந்தார். அதையும் ரேடியோவேதான் பிறகு சொன்னது. தாத்தா எழுந்து வந்து, பட்டினி கிடந்த கண்ணோடு அந்த மர்ஃபியை ஒரு நிமிஷம் முறைத்தார். பிறகு வீட்டுக்கு ஒரு சட்டம் போட்டார்.

"சாவுன்னா ரெண்டு தடவை சொல்லணும். ரெண்டும் வேற வேற வாயா இருக்கணும்."

அதே வருஷம் அக்டோபர் 8-ஆம் தேதி ஜே.பி. நிஜமாகவே போனபோது, தாத்தா தோளில் துண்டோடு கிணற்றடியில் உட்கார்ந்துவிட்டார். அடுத்த புலட்டினை வேறொருவர் வாசிக்கும்வரை தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழவில்லை. 'வெந்நீர் ஆறிப்போச்சு' என்று பாட்டி மட்டும் உள்ளேயிருந்து மூன்று முறை புலட்டின் வாசித்தாள்.

1984 அக்டோபர் 31-இல் நேர்மாறு. தெருக்கோடி வாத்தியார் சிற்றலையில் பி.பி.சி. கேட்டுவிட்டு மத்தியானமே ஓடிவந்தார், இந்திரா காந்தி போய்விட்டார் என்று. "ஒரு வாய்" என்றார் தாத்தா. ஆகாசவாணி அந்த மரணத்தைச் சொல்லச் சாயங்காலம் ஆகிவிட்டது. உயிரோடு இருந்தவரை அவசரமாக அனுப்பிவைத்த பெட்டி, இறந்தவர் விஷயத்தில் அப்படி யோசித்தது. ரேடியோ காலத்தில் பொய்ச் செய்தியே கிடையாது என்று யாராவது பெருமூச்சு விட்டால் எனக்கு அந்தக் கிணற்றடிதான் ஞாபகத்துக்கு வரும்.

தாத்தாவுக்குப் பின் சட்டமும் ரேடியோவும் பெரியப்பாவிடம் வந்தன. மர்ஃபி கண்ணை மூடிய பிறகு ஒரு டிரான்சிஸ்டர். தீர்ந்த பேட்டரியை முற்றத்தில் வடகத்தோடு சேர்த்து வெயிலில் காயவைத்து, இன்னும் இரண்டு நாள் உயிர் வாங்குவார். இரவு 9.15-க்குத் தமிழோசை கேட்டால்தான் தூக்கம். 2017 ஏப்ரல் கடைசியோடு பி.பி.சி. அந்த ஒலிபரப்பை நிறுத்தியதும் டிரான்சிஸ்டர் பரணுக்குப் போனது. அவருக்கும் தூக்கம் போனது. காரில் போகும்போது தனியார் எஃப்.எம். போட்டுக் காட்டினேன். அவர்கள் சொந்தமாகச் செய்தி சொல்லக் கூடாது என்பது சட்டம். ஆகாசவாணிச் செய்தியை வேண்டுமானால் அப்படியே எடுத்துப் போடலாம். முக்கால் மணி நேரம் பொறுமையாகக் கேட்டவர், "இவ்வளவு பேசுறாங்களே, என்னதான் நடந்துதாம்?" என்றார்.

2018 நவம்பரில் கஜா புயல் வந்து செல்போன்களையெல்லாம் செங்கல் ஆக்கியபோது, அந்த டிரான்சிஸ்டர் பரணிலிருந்து இறங்கியது. பழைய பேட்டரி கசிந்து உப்புப் பூத்துக் கிடந்தது. சுரண்டிவிட்டுப் புதுசு போட்டதும் கரகரவென்று பேச ஆரம்பித்துவிட்டது. திண்ணை நிறையக் கூட்டம். நாகப்பட்டினம் வந்தது, வேதாரண்யம் வந்தது, எங்கள் ஊர்ப் பெயர் வரவில்லை. கூரை போனதைவிட அதுதான் பலருக்கு வருத்தம்.

கரண்ட் வந்ததும் ரேடியோ மறுபடி பரணுக்கு ஏறியது. சிங்கப்பூர்ப் பேரன் ஒரு போன் வாங்கிக் கொடுத்துக் குடும்ப வாட்சப் குரூப்பிலும் சேர்த்துவிட்டான். பெரியப்பாவுக்கு இப்போது புலட்டின் நேரம் கிடையாது, இருபத்து நாலு மணி நேரமும் 7.15 மணிதான். கண்ணாடியைத் தேடி எடுத்துப் படிக்கப் பொறுமை இல்லாததால், ரோஜாப்பூ வணக்கம், பெட்ரோல் விலை, சுகர் வியாதிக்கு ஆவாரம்பூ, எது வந்தாலும் கும்பிடும் கைகளைப் போட்டுவிடுவார். கறுப்பு வெள்ளைப் படம் என்றால் இரங்கல்.

அந்தச் செவ்வாய்க்கிழமை, நீடாமங்கலத்தில் அவர் பெயரிலேயே, அவர் இனிஷியலோடேயே ஒருவர் காலமாகிவிட்டார். கோயம்புத்தூர் மாப்பிள்ளை அதைக் குரூப்பில் போட்டார். கைவேலை தெரிந்த சிங்கப்பூர்ப் பேரன், பெரியப்பாவின் எண்பதாம் கல்யாணப் போட்டோவைக் கறுப்பு வெள்ளையாக்கி 'கண்ணீர் அஞ்சலி' போஸ்டரே அடித்துவிட்டான். பெரியப்பா இரங்கல் தெரிவித்தார். அதைப் பார்த்த பிறகும் பதினேழு பேர் அழுதார்கள். அவர் நம்பரிலிருந்து பெரியம்மா போட்டிருப்பாள் என்று நினைத்தார்களாம்.

நானும் பதறிப்போய்தான் கூப்பிட்டேன். எடுத்தது அவரே.

"பெரியப்பா... நீங்க செத்துட்டதா குரூப்புல வந்திருக்கு."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. கண்ணாடி தேடுகிறார் போலிருந்தது.

"எத்தனை குரூப்புலடா?"

"நம்ம குடும்ப குரூப் ஒண்ணுலதான்."

"அப்ப ஒரு வாய்தானே. காபி ஆறுது, போனை வை."