மலைக்கு ஒரு தூதரகம், ஏரிக்கு ஒரு தூதரகம்

அனுப்புநர்: ஒரு மாந்தோப்பு விவசாயி, காரிமங்கலம் வட்டம், தருமபுரி மாவட்டம்.

பெறுநர்: உயர்திரு விசா பரிசீலனை அதிகாரி, ஷெங்கன் நாடுகள் (எந்த நாடு என்பதுதான் பிரச்சினையே).

பொருள்: வசந்த காலச் சுற்றுலாவுக்கு மலையா, ஏரியா எனத் தீர்ப்பு வழங்கக் கோருதல் தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

ஒரே விசாவில் 29 நாடுகளைச் சுற்றலாம் என்கிறீர்கள். புல்லரிக்கிறது. அந்த விசாவை யாரிடம் கேட்பது என்றால், அதிக நாள் தங்கப்போகும் நாட்டிடம் கேள் என்கிறது உங்கள் விதி. எனக்கு மலை வேண்டும், அது ஸ்விட்சர்லாந்து. வீட்டுக்காரம்மாவுக்கு ஏரி வேண்டும், அது இத்தாலி. எங்கள் திண்ணைச் சண்டை இப்போது இரண்டு தூதரகங்களின் அதிகார வரம்புக்குள் போய் நிற்கிறது.

"ஏங்க, கண்ணத் தொறந்தா மலைதான். வத்தல்மலை, சித்தேரி, தீர்த்தமலைன்னு பாத்து அலுத்தாச்சு. கடல் தாண்டிப் போயும் மலையா? பங்குனியில தண்ணி நிக்கிற ஏரிய ஒரு தடவ காட்டுங்க" என்கிறாள்.

நியாயம்தான். பங்குனியில் எங்கள் ஏரிகளில் ஆடு மேயும், பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சிரித்தாலே பல்லில் தெரியும். 2013 முதல் ஒகேனக்கல் தண்ணீர் குழாயில் வருகிறது, அதுவும் ஜப்பான் கடனில். இப்படித் தண்ணீருக்கு ஏங்கியவளிடம் பனிமலையின் பெருமையை எப்படி விற்பது?

சரி, நாலு நாள் மலை, நாலு நாள் ஏரி என்று பாகம் பிரித்தேன். அதற்கும் விதி வைத்திருக்கிறீர்கள்: சமமாகத் தங்கினால், முதலில் நுழையும் நாடு. அம்மணி உடனே மிலான் விமானத்தைப் பிடித்துக்கொண்டாள். அங்கிருந்து மஜ்ஜோரே ஏரி பக்கம். அந்த ஏரியின் வடகோடியோ ஸ்விட்சர்லாந்தில் கிடக்கிறது. நான் ஆசைப்பட்ட மேட்டர்ஹார்ன் சிகரமும் ஒரு பக்கம் ஸ்விட்சர்லாந்து, மறுபக்கம் இத்தாலி. ஒகேனக்கல்லில் பரிசல் ஏறினால் எங்களுக்கும் அக்கரை கர்நாடகம்தான். 'உங்கள் முதன்மைப் பயண இலக்கு எது' என்று பரிசல்காரர் ஒருநாளும் கேட்டதில்லை. லைஃப் ஜாக்கெட்டின் வாரை இழுத்துப் பார்ப்பார், ஆளை நகர்த்தி எடையைச் சரிசெய்வார், துடுப்பைப் போடுவார்.

இதில் இன்னொரு கூத்து. ஏப்ரலில் பனிச்சறுக்கு முடிந்ததும் ஆல்ப்ஸில் பல ஊர்களில் ரோப் காரைப் பராமரிப்புக்கு நிறுத்திவிடுகிறார்கள். உயரமான கணவாய்ச் சாலைகள் பல ஜூன் வாக்கில்தான் திறக்கின்றன. மலையே விடுமுறையில் இருக்கும்போது அங்கே நான் தங்கப்போகும் அறைக்கு முன்பதிவுச் சான்று கேட்கிறீர்கள்.

அடுத்து ஆவணங்கள். வருமான வரிக் கணக்கு வேண்டுமாம். விவசாய வருமானத்துக்கு எங்கள் நாட்டில் வரி கிடையாது. ஆகவே கணக்கும் இல்லை. வங்கிக் கணக்கு பல மாதம் பட்டினி கிடந்து, மாங்காய் இறங்கியதும் திடீரென்று கொழுக்கும். எந்த அதிகாரிக்கும் சந்தேகம் வரும் கணக்குதான். விடுப்புக் கடிதம் வேறு. யாரிடம் வாங்க? 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு எடுத்துவிடுகிறேன், போகட்டும். 90 யூரோ கட்டணம், விசா மறுத்தாலும் திரும்பாது என்பதையும் விழுங்கிக்கொள்கிறேன்.

கடைசியாக, நான் ஊர் திரும்புவேன் என்பதற்கு ஆதாரம். ஐயா, காய் முற்றும் நேரத்தில் தோப்பை விட்டு ஒரு ராத்திரி வெளியே படுக்காதவன் நான். சித்திரையில் ஒரு சூறைக்காற்று அடித்தால் செந்தூரா அத்தனையும் தரையில். பங்குனிக் கடைசிக்குள் அனுப்பிவிட்டால் சித்திரை முதல் வாரம் ஊரில் நிற்பேன். தாமதமானால், நீங்களே விசா கொடுத்தாலும் நான் வர மாட்டேன்.

ஆகவே மலை தரப்பு வாபஸ். ஏரிக்கே விண்ணப்பிக்கிறோம். ஸ்விட்சர்லாந்து அதிகாரி இதை மனத்தாங்கலாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இப்படிக்கு,
மனைவியின் முதன்மை இலக்கைத் தன் இலக்காக ஏற்றுக்கொண்டவன்

இணைப்பு: கூட்டுப் பட்டா நகல், அடங்கல், ஆறு மாத வங்கிக் கணக்கு. மாமரங்களின் தடையின்மைச் சான்று பின்னர் சமர்ப்பிக்கப்படும்.