தண்ணீர் கேன்

சேலையூரில் நண்பர் ஒருவர் ஷெட் போட்டுச் சொந்தமாகக் கட்டிவரும் குட்டி விமானத்துக்கு நான்தான் ஆஸ்தான எடுபிடி. இருபது வருஷம் பழைய மாருதிக்கு ஸ்டெப்னி மாற்றியவன். அந்தத் தகுதி போதும் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

முதல் நாளே கார் ஜாக்கியை இறக்கைக்கு அடியில் கொடுத்து நாலு சுற்றுச் சுற்றினேன். அந்த அலுமினியத் தகடு எங்கள் வீட்டு இட்லிப் பானை மூடியைவிட மெல்லிசு. ‘டொப்’பென்று உள்வாங்கியது. இறக்கைக்குள் முதுகெலும்பாய் ஓடும் ஸ்பார், சக்கரக் கால் பொருந்தும் இடம் என்று எலும்பு பார்த்துத்தான் ஜாக்கி வைக்க வேண்டுமாம். நான் தோலில் வைத்திருக்கிறேன். புழுக்கம் தாங்காமல், “வெளியே தள்ளிக்கொண்டுபோய்க் கடற்காற்றில் தூக்கலாமே” என்று வேறு யோசனை சொன்னேன். காற்றடித்தால் எழும்புவதற்கென்றே செய்த சாமானை!

அடுத்த வாரம் மூக்குச் சக்கரம் பஞ்சர். இதற்கு ஜாக்கியே தேவையில்லை. கிணற்று ஏற்றம் மாதிரிதான்: வால் தாழ்ந்தால் மூக்கு எழும். பெரிய சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் செங்கல் வைத்து, வால் வளையத்தில் 20 லிட்டர் தண்ணீர் கேனைக் கட்டித் தொங்கவிட்டார் நண்பர். மூக்கு சாதுவாக எழுந்தது. சக்கரத்தைக் கழற்றிக்கொண்டு பஞ்சர் கடைக்குக் கிளம்பியவர், ஒரு மரக்கட்டையைக் காட்டி, “சார், இதை மூக்குக்கு அடியில முட்டுக் கொடுத்துடுங்க. கேனை நம்பக்கூடாது” என்றார்.

தலையாட்டினேன். அதற்குள் தெருப் பையன்கள் வந்துவிட்டார்கள்.

“அங்கிள், இது பறக்குமா?”

கேட்டால் விடுவேனா? வசதியாக உட்கார்ந்து ஆரம்பித்தேன். மவுண்ட் ரோடு ஓட்டல்காரர் டி ஏஞ்சலிஸ், சிம்சன் கம்பெனி ஒத்தாசையோடு தானே ஒரு விமானம் கட்டி, 1910-இல் இதோ இந்தப் பல்லாவரத்தில் பறக்கவிட்டார். ப்ளேரியோ என்பவர் விமானத்தில் ஆங்கிலக் கால்வாயைத் தாண்டி அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

“அதுக்கும் பஞ்சர் ஆச்சா அங்கிள்?”

தொண்டை வறண்டது. கைக்கெட்டிய கேனை அடியில் பிடித்துத் தூக்கி, டம்ளருக்குச் சாய்த்தேன். கேனின் பாரம் என் கைக்கு வந்தது. வால் ஜம்மென்று மேலே போனது. முன்னால் ‘டங்’. சக்கரமில்லாத கவை சிமெண்டுத் தரையில். புரொப்பெல்லர் நுனிக்கும் தரைக்கும் நடுவே நாலு விரல்.

பையன்களைக் காணோம். நான் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

நண்பர் வந்தார். விமானத்தைப் பார்த்தார், டம்ளரைப் பார்த்தார்.

“அந்தக் கட்டை எங்கே சார்?”

எழுந்து நின்று, உட்கார்ந்திருந்த இடத்தைக் காட்டினேன்.