மண்குடமும் பொன்குடமும்

51.6 பெரிதா, 51.9 பெரிதா? இதற்குக் கணக்கு வாத்தியார் வேண்டாம். இரண்டுக்கும் வித்தியாசம் 0.3. ஆனால் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் கூடும் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் மாளிகையில் கேட்டால் வேறு விடை கிடைக்கும். 51.6 என்பது படுதோல்வி. 51.9 என்பது யாரும் மூச்சுவிடக்கூடாத மக்கள் ஆணை.

1979 மார்ச் 1 அன்று ஸ்காட்லாந்து மக்களிடம், உங்களுக்கென்று ஒரு சட்டமன்றம் வேண்டுமா என்று வாக்கெடுப்பு நடத்தினார்கள். வேண்டும் என்றவர்கள் 51.6 சதவீதம். ஜெயித்தோம் என்று எழுந்தவர்களைத் தோளைத் தட்டி உட்கார வைத்தார்கள். லண்டன் தொகுதி ஒன்றின் தொழிலாளர் கட்சி எம்.பி. முன்கூட்டியே ஒரு திருத்தத்தைச் சட்டத்தில் சொருகியிருந்தார். வாக்களித்தவர்களில் பாதிப்பேரைத் தாண்டினால் போதாதாம். பட்டியலில் உள்ள மொத்த வாக்காளர்களில் 40 சதவீதம் பேர் வேண்டும் என்று சொல்லியிருக்க வேண்டுமாம். சொன்னவர்கள் 32.9 சதவீதம். காய்ச்சலில் படுத்தவர், குளிருக்குப் பயந்து வீட்டிலிருந்தவர், வடகடல் எண்ணெய்க் கிணற்றில் வேலையாய் இருந்தவர் எல்லாரும் ‘வேண்டாம்’ பக்கத்துக்கே பயன்பட்டார்கள். வாயே திறக்காதவனின் குரல் இவ்வளவு தெளிவாகக் கேட்ட தேர்தல் உலகத்தில் குறைவு.

அதே மாதம் 28ஆம் தேதி, அந்தத் தொழிலாளர் கட்சி அரசு நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் கவிழ்ந்தது. 311க்கு 310. ஒரே ஓட்டு. அதற்கு 40 சதவீத விதி எதுவும் இல்லை. ஒரு தேசத்துக்குச் சட்டமன்றம் கொடுக்கத்தான் அவ்வளவு கவனம் தேவை. ஓர் அரசாங்கத்தைக் கவிழ்க்கவும் மார்கரெட் தாட்சருக்கு வழி திறந்துவிடவும் ஓர் ஓட்டு தாராளம்.

அப்புறம் 2016. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் வெளியேறலாமா என்று கேட்டார்கள். வெளியேறு என்றவர்கள் 51.9 சதவீதம். பட்டியலில் இருந்த மொத்த வாக்காளர்களைக் கொண்டு கணக்குப் போட்டால் 37 சதவீதத்தைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். 1979இன் விதி அன்றைக்கு இருந்திருந்தால் பிரிட்டன் இன்றும் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கும். இல்லை. ஒரு சட்டமன்றம் அமைக்கப் போதாத கூட்டம், நாற்பது வருட உறவை அறுத்துக்கொள்ளப் போதும். ஸ்காட்லாந்தில் 62 சதவீதம் பேரும் வட அயர்லாந்தில் 55.8 சதவீதம் பேரும் இருக்கவேண்டும் என்றுதான் வாக்களித்தார்கள். அவர்களுக்குச் சொல்லப்பட்ட விளக்கம்: இது நான்கு நாடுகளின் வாக்கெடுப்பு அல்ல, ஒரே நாட்டின் வாக்கெடுப்பு. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்று நம் ஊரில் சொல்வதை, அங்கே எழுதப்படாத அரசியல் சாசனம் என்று மரியாதையாகச் சொல்கிறார்கள்.

பிரிட்டனின் பெரிய கட்சிகளுக்கெல்லாம் நான்கு நாடுகளின் இந்த ஐக்கியத்தின்மேல் அளவுகடந்த பாசம். அந்தப் பாசத்துக்குப் பருவம் உண்டு என்பதுதான் சிக்கல். 2014 செப்டம்பரில் ஸ்காட்லாந்தின் சுதந்திர வாக்கெடுப்புக்கு இரண்டு நாள் முன்பு, கருத்துக்கணிப்புகள் வயிற்றைக் கலக்கின. பிரதமர் டேவிட் கேமரன், தொழிலாளர் கட்சித் தலைவர் எட் மிலிபாண்ட், லிபரல் டெமாக்ரட் தலைவர் நிக் கிளெக் மூவரும் சேர்ந்து ஒரு சபதம் எடுத்தார்கள். நீங்கள் இருந்துவிடுங்கள், புதிய அதிகாரங்கள் தருகிறோம் என்று. ‘டெய்லி ரெக்கார்ட்’ நாளிதழ் அதைப் பழைய ஓலைச்சுவடி போன்ற ஒரு தோல்தாளில் எழுதியதாகத் தோன்றும்படி முதல் பக்கத்தில் அச்சிட்டது. கீழே மூவரின் கையெழுத்து. 55 சதவீதம் பேர் இருக்கிறோம் என்றார்கள்.

வாக்கு எண்ணி முடித்த அன்று காலையிலேயே கேமரன் பிரதமர் இல்ல வாசலுக்கு வந்தார். நன்றி சொல்லிவிட்டு அடுத்த மூச்சில், இனி இங்கிலாந்துச் சட்டங்களுக்கு இங்கிலாந்து எம்.பி.க்களின் ஓட்டு என்று அறிவித்தார். போகாதே என்று இரவெல்லாம் காலைப் பிடித்தவர், விடிந்ததும் சாப்பாட்டு மேசையில் இடம் குறைவு என்றார். அடுத்த வருடத் தேர்தலில் அவருடைய கட்சி ஒட்டிய சுவரொட்டியில் மிலிபாண்ட், ஸ்காட்லாந்துத் தேசியக் கட்சியின் முன்னாள் தலைவர் அலெக்ஸ் சாமண்டின் சட்டைப்பைக்குள்ளிருந்து எட்டிப்பார்த்தார். ஸ்காட்லாந்துக்காரன் உன் பணத்தைப் பிடுங்க வருகிறான் என்று இங்கிலாந்து வாக்காளனுக்குச் சொல்லும் படம் அது. எட்டு மாதத்துக்கு முன் உயிரினும் இனிய உறவு, இப்போது பிக்பாக்கெட். கன்சர்வேட்டிவ் கட்சிக்கு அறுதிப் பெரும்பான்மை. ஸ்காட்லாந்தில் 59 இடங்களில் 56 தேசியக் கட்சிக்கு. இரண்டு பக்கமும் லாபம் பார்த்த வியாபாரம். இங்கிலாந்துச் சட்டங்களுக்கான அந்தப் புது விதியை 2021இல் சத்தமில்லாமல் எடுத்துவிட்டார்கள். வேலை முடிந்துவிட்டதே.

சபதம் என்ன ஆயிற்று? சட்டமாயிற்று. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில், பின்னாளில் ஒருவழியாகக் கிடைத்த ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்தின் சம்மதமில்லாமல் அதன் துறைகளில் லண்டன் ‘வழக்கமாக’ச் சட்டம் இயற்றாது என்று எழுதினார்கள். மறுவருடம் உச்ச நீதிமன்றம், இது அரசியல் நடைமுறைதான், நீதிமன்றம் தலையிட முடியாது என்றது. 2020 ஜனவரியில் பிரெக்ஸிட் ஒப்பந்தச் சட்டத்துக்கு எடின்பரோவில் ஸ்காட்லாந்து மன்றம் சம்மதிக்கவில்லை, கார்டிஃபில் வேல்ஸ் மன்றம் சம்மதிக்கவில்லை, பெல்ஃபாஸ்டில் வட அயர்லாந்து மன்றம் சம்மதிக்கவில்லை. மூன்று மன்றங்களும் ஒருசேர மறுத்தது அதுவே முதல் முறை. சட்டம் நிறைவேறியது. அந்த வாரம் வழக்கமான வாரம் இல்லை போலும்.

வட அயர்லாந்தின் கதைக்குத் தனிக் காண்டம் எழுத வேண்டும். அங்கே தொழிலாளர் கட்சி வேட்பாளரே நிறுத்துவதில்லை. தங்களை ஆளும் கட்சிக்கு எதிராகவோ ஆதரவாகவோ ஓட்டுப்போடும் கவலையிலிருந்து அந்த மக்களுக்கு நிரந்தர விடுதலை. ஆனாலும் அவர்களுக்கென்று லண்டனில் ஓர் அமைச்சர் இருப்பார். 2018இல் அந்தப் பதவியிலிருந்த காரென் பிராட்லி ஒரு பேட்டியில், அயர்லாந்து தேசியவாதிகள் பிரிட்டனோடு சேர்ந்திருக்க விரும்பும் கட்சிகளுக்கு ஓட்டுப்போட மாட்டார்கள் என்பதெல்லாம் பதவிக்கு வருமுன் தமக்குத் தெரியாது என்று ஒப்புக்கொண்டார். முப்பது வருடம் குண்டு வெடித்ததும், மூவாயிரத்தைந்நூறு பேர் செத்ததும் வேறு எதற்காக என்று அவர் நினைத்திருந்தாரோ தெரியாது.

2017இல் பிரதமர் தெரேசா மேக்குப் பெரும்பான்மை போயிற்று. பிரிட்டனோடு சேர்ந்திருக்க விரும்பும் வட அயர்லாந்தின் டி.யு.பி. கட்சியிடம் பத்து எம்.பி.க்கள் இருந்தார்கள். அவர்களின் ஆதரவுக்கு ஈடாக வட அயர்லாந்துக்கு 100 கோடி பவுண்டு கூடுதல் நிதி போயிற்று. தலைக்குப் பத்துக் கோடி. விலைமதிப்பற்ற ஐக்கியம் என்று மே அடிக்கடி சொல்வார். விலைப்பட்டியல் கைவசம் இருந்தது. 2018இல் போரிஸ் ஜான்சன் அந்தக் கட்சியின் மாநாட்டு மேடையிலேயே ஏறி, அயர்லாந்துக் கடலில் சுங்க எல்லை போட எந்த கன்சர்வேட்டிவ் அரசும் ஒப்பாது என்று முழங்கினார். கைத்தட்டல் ஓய்ந்து ஒரு வருடம் ஆவதற்குள் பிரதமரானார், ஒப்பினார்; பிறகு கையெழுத்தும் போட்டார். படிவம் நிரப்ப வேண்டுமா என்று கேட்ட வியாபாரிகளிடம், யாராவது கேட்டால் எனக்குப் போன் செய்யுங்கள், குப்பையில் போடச் சொல்கிறேன் என்றார். படிவங்கள் வந்தன.

இதே மனிதர்தான் தமக்குத் தாமே ‘ஐக்கிய அமைச்சர்’ என்று இன்னொரு பட்டம் சூட்டிக்கொண்டவர். ஐக்கியத்தை வலுப்படுத்த ஸ்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் நடுவே கடல்மேல் பாலம் என்றார். கிட்டத்தட்ட ஒன்பது லட்சம் பவுண்டு செலவில் ஆய்வு நடந்தது. பாலத்துக்கு 33,500 கோடி பவுண்டு, சுரங்கப்பாதை என்றால் 20,900 கோடி என்று அறிக்கை வந்தது. போதாக்குறைக்கு அந்தக் கடலின் நடுவே உள்ள ஆழ்பள்ளத்தில், உலகப் போர்களுக்குப்பின் ராணுவம் கொட்டிய பத்து லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட வெடிமருந்து கிடக்கிறது. ஒரு பக்கம் சுங்க எல்லை போட்டு, மறுபக்கம் அதன்மேல் பாலம் கட்டத் திட்டம், அடியில் வெடிகுண்டு.

வேல்ஸைப் பற்றி அதிகம் சொல்லவில்லையே என்று கேட்கலாம். லண்டனும் சொல்வதில்லை. 1957இல் லிவர்பூல் நகரத்துக்குத் தண்ணீர் தேவைப்பட்டது. வேல்ஸ் மொழி பேசிய காபெல் கெலின் கிராமத்தை மூழ்கடிக்க வெஸ்ட்மின்ஸ்டர் சட்டம் போட்டது. வேல்ஸ் எம்.பி.க்கள் 36 பேரில் ஒருவர்கூட ஆதரித்து ஓட்டுப்போடவில்லை. பள்ளி, தேவாலயம், இடுகாடு எல்லாம் 1965இல் நீருக்குள் போயின. லிவர்பூல் மாநகராட்சி மன்னிப்புக் கேட்டது 2005இல். அதெல்லாம் பழைய காலம் என்பவர்கள் எச்.எஸ்.2 ரயிலைப் பார்க்கலாம். லண்டனிலிருந்து பர்மிங்காமுக்கு அதிவேகப் பாதை. வேல்ஸ் மண்ணில் ஒரு முழம் தண்டவாளம்கூடக் கிடையாது. ஆனால் அரசாங்கக் கணக்கில் அது ‘இங்கிலாந்து மற்றும் வேல்ஸ்’ திட்டம். ஆகவே ஸ்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் கிடைக்கும் ஈட்டுநிதி வேல்ஸுக்கு இல்லை. கன்சர்வேட்டிவ் ஆட்சியில் இது அநியாயம் என்று கத்திய தொழிலாளர் கட்சி, 2024இல் ஆட்சிக்கு வந்தபின் அதே கணக்கை அப்படியே வைத்துக்கொண்டது.

என் பொறுமை போவது எஃகு விஷயத்தில்தான். 2024 செப்டம்பர் 30 அன்று வேல்ஸின் போர்ட் டால்பட்டில் டாட்டா நிறுவனத்தின் கடைசி ஊதுலை அணைந்தது. ஆயிரக்கணக்கில் வேலை போயிற்று. ஊரே உலையைச் சுற்றி வளர்ந்த ஊர். லண்டன் வருத்தம் தெரிவித்தது. உலகச் சந்தை, பசுமை மாற்றம், என்ன செய்வது என்றது. 2025 ஏப்ரலில் இங்கிலாந்தின் ஸ்கன்தோர்ப்பில் ஊதுலை அணையும் நிலை வந்தது. ஈஸ்டர் விடுமுறையில் இருந்த நாடாளுமன்றத்தை ஏப்ரல் 12, சனிக்கிழமையன்று ஓடிவரச் சொன்னார்கள். விடுமுறையிலிருந்த அவையைச் சனிக்கிழமை அழைத்தது 1982 ஃபாக்லாந்து போருக்குப்பின் அதுவே முதல் முறை. ஒரே நாளில் சட்டம், ஒரே நாளில் அரச ஒப்புதல். ஏன் இந்த வேகம்? இது நாட்டின் கடைசி ஊதுலை ஆலை ஐயா, விட முடியுமா என்றார் அமைச்சர். இதற்கு முந்தையதைச் சாகவிட்டால் இது கடைசியாகத்தானே இருக்கும்! அந்த வட்டாரத்தில் மே 1ஆம் தேதி மேயர் தேர்தல், நைஜல் ஃபராஜின் ரிஃபார்ம் கட்சி வாசலில் நின்றது என்பதைச் சொன்னால் குதர்க்கம் என்பார்கள், சொல்லிவைக்கிறேன். அதே ஏப்ரல் 29 அன்று ஸ்காட்லாந்தின் ஒரே எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையான கிரேஞ்ச்மௌத் கச்சா எண்ணெய் சுத்திகரிப்பதை நிறுத்தியது. எந்தச் சனிக்கிழமையும் கெடவில்லை.

இத்தனைக்கும் 2024இல் தொழிலாளர் கட்சி பெற்ற வாக்கு 34 சதவீதத்துக்கும் கீழே. பட்டியலில் உள்ள வாக்காளர்களைக் கொண்டு பார்த்தால் ஐந்தில் ஒருவர். அதற்கு அவையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இடம். 1979இன் ஸ்காட்லாந்துக்காரனைக் கூப்பிட்டு இந்தக் கணக்கைக் காட்ட வேண்டும். வேல்ஸ்காரர்கள் தம் பங்குக்கு 2025 அக்டோபரில் வேல்ஸ் மன்றத்துக்கான கார்ஃபிலி இடைத்தேர்தலில் விடை சொன்னார்கள். நாடாளுமன்றத் தேர்தலில் நூறாண்டாகத் தொழிலாளர் கட்சி தோல்வியே காணாத மண். வேல்ஸ் தேசியக் கட்சியான பிளைட் கம்ரி ஜெயித்தது, தொழிலாளர் கட்சிக்கு 11 சதவீதம்.

உள்ளூர்க் கனவான்கள் மட்டும் உத்தமர்களா? ஸ்காட்லாந்துத் தேசியக் கட்சி அரசு 2017இல் ஒரு பயணிகள் கப்பலைக் கொடியசைத்து நீரில் இறக்கியது. ஜன்னல்கள் இருக்கவேண்டிய இடத்தில் சாயம் பூசியிருந்தார்கள். அதில் பயணிகள் ஏறியது 2025 ஜனவரியில். பெல்ஃபாஸ்டில் ஒரு பவுண்டுக்கு மரக்கட்டை எரித்தால் 1.60 பவுண்டு மானியம் என்று திட்டம் போட்டு, காலிக் கொட்டகைகளைச் சூடேற்றினார்கள்; அந்த ஊழலில் ஆட்சி கவிழ்ந்து மூன்று வருடம் மன்றமே செயல்படவில்லை. கார்டிஃபில் சுற்றுச்சூழல் குற்றத்துக்குத் தண்டனை பெற்றவரின் நிறுவனத்திடம் இரண்டு லட்சம் பவுண்டு நன்கொடை வாங்கிய முதல்வர் நான்கே மாதத்தில் ராஜினாமாவை அறிவித்தார். இந்தப் பெருமக்கள் ஒவ்வொருவரும் லண்டனுக்குச் செய்த சேவைக்கு அளவில்லை. இவர்களைக் காட்டித்தானே, பார்த்தாயா, உனக்கு ஆளத் தெரியாது என்கிறார்கள்! ஜான்சனும் லிஸ் டிரஸ்ஸும் ஆண்ட இடத்திலிருந்து வரும் அறிவுரை இது.

சரி, ஒத்துவரவில்லை, விலகிப்போகிறோம் என்றால்? 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: லண்டன் அனுமதியில்லாமல் ஸ்காட்லாந்து வாக்கெடுப்புக்கூட நடத்த முடியாது. அனுமதி எப்போது கிடைக்கும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. வட அயர்லாந்துக்கு மட்டும் 1998 ஒப்பந்தத்தில் ஒரு வழி இருக்கிறது. பெரும்பான்மை மக்கள் பிரிய விரும்பக்கூடும் என்று லண்டன் அமைச்சருக்குத் தோன்றினால் அவர் வாக்கெடுப்பு நடத்தியாக வேண்டும். எத்தனை தேர்தலைப் பார்த்து, எந்தக் கணக்கைப் பார்த்துத் தோன்ற வேண்டும் என்று எழுதவில்லை. அவருக்குத் தோன்ற வேண்டும், அவ்வளவுதான். காரென் பிராட்லி உட்கார்ந்திருந்த அதே நாற்காலிக்காரருக்கு.