ஓட்டு வேண்டாம், வரி போதும்

ஒரு கவுன்சிலர் மீதுகூட ஊழல் புகார் இல்லாத நகராட்சி இந்தியாவில் உண்டா? உண்டு. புதுச்சேரியின் உழவர்கரை. அங்கே கவுன்சிலரே கிடையாது.

2011 கணக்கெடுப்பின்படி அந்த நகராட்சியில் மூன்று லட்சம் பேர். பக்கத்தில் இருக்கும் புதுச்சேரி நகராட்சியைவிட இது அதிகம். உள்ளாட்சித் தேர்தல் 1968-இல் நடந்தது. அடுத்த தேர்தல் 2006-இல், அதுவும் நீதிமன்றம் தலையிட்ட பிறகு. 1968-இல் பிறந்த குழந்தை, வயதுக்கு வந்த தன் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய்த் தன் முதல் கவுன்சிலர் ஓட்டைப் போட்டது. 2011-இல் அந்த மன்றத்தின் காலமும் முடிந்தது. பிறகு என்.ஆர். காங்கிரஸ் ஆண்டது, காங்கிரஸ் ஆண்டது, மறுபடி என்.ஆர். காங்கிரஸ் பா.ஜ.க.வைச் சேர்த்துக்கொண்டு வந்தது. எல்லாவற்றிலும் அடித்துக்கொள்கிறவர்கள் இந்த ஒன்றில் மட்டும் அண்ணன் தம்பி. 2021-இல் தேர்தல் அறிவிப்பு வந்தது. இடஒதுக்கீட்டில் குளறுபடி என்று வழக்கு நீதிமன்றம் போனது, தேர்தல் நின்றது. சரியாகக் குளறுபடி செய்யவும் ஒரு திறமை வேண்டும்.

வசூலில் மட்டும் குளறுபடியே வராது. வீட்டு வரிக்கு ரசீது உண்டு. பாகூரிலிருந்தும் வில்லியனூரிலிருந்தும் காய்கறி மூட்டையோடு வந்து சாலையோரம் கடை விரிக்கும் அம்மாவிடம் அடிக்காசு வாங்க ஆள் வந்துவிடுவார். கழிப்பறை எங்கே, நிழலுக்கு ஒரு கூரை எங்கே என்று அந்த அம்மா யாரிடம் கேட்பது? சரி, தன் ஊரிலாவது கேட்கலாம் என்றால், புதுச்சேரி மாநிலத்தின் 10 கொம்யூன் பஞ்சாயத்துகளிலும் 98 கிராமப் பஞ்சாயத்துகளிலும் இதே கதைதான். சந்தைக்கு வருகிறவருக்கும் நாதியில்லை, சந்தை கூடுகிற ஊருக்கும் நாதியில்லை. சமத்துவம் வந்துவிட்டது ஐயா!

உழவர்கரை கொடுத்தே பழகிய ஊர். இங்குள்ள முத்திரையர்பாளையத்து நீரை வாய்க்கால் வெட்டி வெள்ளைக்காரர் நகரத்துக்குக் கொண்டு போனார்கள். அந்த நன்றிக்குக் கட்டியதுதான் ஆயி மண்டபம். சுற்றுலா வருகிறவர்கள் இன்றும் அதன் முன் நின்று படம் எடுக்கிறார்கள். நீர் கொடுத்த பகுதிக்கு என்ன கிடைத்தது? 2024 ஜூன் 11 காலை, ரெட்டியார்பாளையம் புதுநகரில் பாதாளச் சாக்கடையின் விஷவாயு கழிப்பறை வழியாக வீட்டுக்குள் ஏறியது. மூன்று பேர் செத்தார்கள். அதில் ஒருத்தி பள்ளிக்கூடத்துப் பிள்ளை. சொந்த வீட்டுக் கழிப்பறைக்குப் போவது உயிருக்கு ஆபத்து என்று எந்தப் பாடப்புத்தகம் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கும்?

கவுன்சிலர் இருந்திருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்களா? தெரியாது. கவுன்சிலர்கள் யோக்கியர்கள் என்று சத்தியம் செய்யவும் முடியாது. ஆனால் கவுன்சிலர் வீட்டுக் கழிப்பறையும் அதே குழாயில்தான் சேரும். அவர் மூக்கும் அதே தெருவில்தான் இருக்கும். உள்ளாட்சி என்றால் அவ்வளவுதான். இப்போது நகராட்சியை நடத்தும் ஆணையர் இன்று வருவார், நாளை மாற்றலாகிப் போவார். அவரிடம் மனு கொடுக்கலாம். அடுத்த தேர்தலில் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்ல முடியுமா?

சட்டமன்றத்தில் மட்டும் ஆளுக்குப் பஞ்சமில்லை. மக்கள் தேர்ந்தெடுத்த 30 பேர் போதாதென்று டெல்லி மூன்று பேரை நியமித்து அனுப்பும். யாரும் ஓட்டுப் போடாத அவர்கள் சபையில் ஓட்டுப் போடலாம். கடற்கரையில் பிரெஞ்சுக்காரர் கட்டிய மேரி என்ற நகரமன்றக் கட்டடம் 2014 மழையில் இடிந்தது. கோடிக்கணக்கில் செலவழித்து, பழைய அழகு குறையாமல் கட்டி, 2021-இல் பிரதமரை வைத்துத் திறந்தார்கள். நகரமன்றக் கட்டடம் பளபளக்கிறது. நகரமன்றம்தான் இல்லை. தூணைக்கூட மீட்டெடுக்கத் தெரிந்தவர்களுக்கு ஓட்டுப்பெட்டியை மீட்கத் தெரியவில்லை.

1880-இல் பிரெஞ்சுக்காரன் இங்கே கொம்யூன்களை உண்டாக்கினான். உழவர்கரையும் அதில் ஒன்று. அவன் நடத்திய தேர்தல்களில் அடிதடி நடந்தது, கள்ள ஓட்டு விழுந்தது. கள்ள ஓட்டுப் போடவாவது அன்று ஒரு பெட்டி இருந்தது.

1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 பேர் ஓட்டுப் போட்டார்கள். 170 பேர் இந்தியாவோடு இணைவோம் என்றார்கள், 8 பேர் மறுத்தார்கள். யார் அந்த 178 பேர்? பிரதிநிதிகள் சபை உறுப்பினர்களும் கொம்யூன் கவுன்சிலர்களும். இந்த மண்ணை இந்தியாவிடம் சேர்த்தவர்களில் பெரும்பாலோர் கவுன்சிலர்கள். இன்று அதே வாக்கெடுப்பை நடத்தினால் கீழூருக்கு அனுப்பி வைக்க ஒரு கவுன்சிலரும் இல்லை.

ஆண்டுதோறும் ஆகஸ்ட் 16 அன்று கீழூர் நினைவிடத்தில் கொடியேற்றி மரியாதை செய்கிறீர்களே கனவான்களே, அங்கே ஓட்டுப் போட்டவர்கள் யார் என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள். நீங்கள் மாலை போடுவது நீங்களே ஒழித்துக்கட்டிய பதவிக்கு. தேர்தல் தேதியைக் கையில் வைத்துக்கொண்டு வாருங்கள். இல்லையென்றால் அந்த மாலைகளைப் புதுநகருக்கு அனுப்பிவிடுங்கள்.