சிரித்துக்கொண்டே சுடச் சொல்லலாம்

ஜனநாயகத்தில் விஷப் பேச்சையும் சகித்துக்கொள்ள வேண்டும் என்கிறார்கள் பெரியவர்கள். சரி, சகிப்போம். யாருடைய பேச்சை என்பதில்தான் இந்தியாவில் குழப்பம். நல்லவேளையாக, 2022 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் ஓர் அளவுகோல் தந்தது: சிரித்தபடி சொன்னால் குற்றமில்லை. தேர்தல் நேரமென்றால் இன்னும் சலுகை.

வழக்கு, அனுராக் தாக்கூர் பேச்சைப் பற்றியது. 2020 ஜனவரியில் டெல்லி ரிட்டாலா மேடையில் அன்று மத்திய இணையமைச்சராக இருந்த அவர் 'தேசத் துரோகிகளை' என்று எடுத்துக்கொடுத்தார்; 'சுட்டுத்தள்ளு' என்று கூட்டம் முடித்தது. முடித்தது கூட்டம்தானே, அமைச்சர் பாவம் என்ன செய்வார்? தேர்தல் ஆணையம் கொதித்தெழுந்து, மூன்று நாள் பிரசாரத்துக்குப் போகாதே என்றது. அடுத்த மாதம் வடகிழக்கு டெல்லிக் கலவரத்தில் 53 பேர் செத்தார்கள். அடுத்த ஆண்டு அவருக்கு கேபினட் பதவி. எந்தத் துறை? தகவல் ஒலிபரப்பு!

கலவரத்துக்கு முன்பு பாஜகவின் கபில் மிஸ்ரா, போலீஸ் அதிகாரியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டே, குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்த மறியல்காரர்களை அகற்றச் சொல்லி மூன்று நாள் கெடு வைத்தார். நாடே பார்த்த அந்தக் காணொளியை, தான் பார்க்கவில்லை என்றார் டெல்லி உயர் நீதிமன்றத்தில் நின்ற வேறொரு போலீஸ் அதிகாரி. நீதிபதி முரளிதர் அங்கேயே போட்டுக் காட்டினார். அன்றிரவே அவரைப் பஞ்சாப்–ஹரியானா உயர் நீதிமன்றத்துக்கு மாற்றும் உத்தரவு வந்தது. ஏற்கெனவே பரிந்துரைத்ததுதானாம். இருக்கட்டும், ராத்திரி கண்விழித்து உழைக்கும் அரசாங்கம் எல்லாருக்கும் வாய்க்குமா? மிஸ்ரா 2025-இல் டெல்லியின் சட்ட அமைச்சரானார். ஆம், சட்டம்.

சிரிப்புதான் அளவுகோல் என்றால் சிரிக்க வைத்தே பிழைப்பவர் தப்பியிருக்க வேண்டும். மேடை நகைச்சுவைக் கலைஞர் முனாவர் ஃபரூக்கியை 2021 புத்தாண்டு நாளில் இந்தூரில் பிடித்தார்கள். மதத்தைப் புண்படுத்தியதற்குக் காணொளி ஆதாரம் இல்லை என்று போலீஸ் தரப்பிலேயே சொன்னார்கள். ஆனாலும் ஒரு மாதத்துக்கு மேல் சிறை, உச்ச நீதிமன்றம் போய்த்தான் ஜாமீன். தமிழ்நாடு மட்டும் என்ன வாழ்ந்தது? டாஸ்மாக்கை மூடச் சொல்லிப் பாடிய கோவன் மீது 2015-இல் தேசத் துரோக வழக்கு. சாராயக் கடைதான் தேசம் என்று அன்றுதான் தெரிந்தது.

முன்னாள் மாணவர் தலைவர் உமர் காலித், வன்முறைக்கு வன்முறையால் பதில் சொல்ல மாட்டோம் என்று அமராவதியில் பேசினார். அந்தப் பேச்சையும் டெல்லிக் கலவரச் சதிக்கு ஆதாரமாகச் சேர்த்து, ஊபா எனும் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தில் 2020 செப்டம்பரில் உள்ளே போட்டார்கள். விசாரணை தொடங்காமலே ஐந்து ஆண்டுகள் ஓடிவிட்டன. நீதிமன்றத்துக்குக் கூட்டிவரும் படங்களில் மனிதர் சிரித்துக்கொண்டுதான் வருகிறார். அதைக் குற்றப்பத்திரிகையில் சேர்க்க மறந்துவிட்டார்கள் போலும்.